நியூ ஆர்லியன்ஸின் பழைய க்ரியோல் உணவகங்கள்: ஒரே ஒரு வேளை என்றால் எங்கே உட்காரலாம்?

கார்காலம்

அடுத்த மாதம் வேலை விஷயமாக நியூ ஆர்லியன்ஸ் போகிறேன். மனைவியும் வருகிறார். கூட்டங்களுக்கு நடுவில் ஒரே ஒரு வேளைதான் எங்களுக்கென்று மிஞ்சுகிறது. அதைப் பழைய பாணி க்ரியோல் (பல இனங்கள் கலந்த அந்த ஊர்ச் சமையல்) உணவகத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட ஆசை. வெள்ளை மேசைவிரிப்பு, கறுப்புக் கோட்டு போட்ட வெயிட்டர், தலைமுறை தலைமுறையாக வரும் மெனு, அந்த வகை. தேடினால் அன்ட்வான்ஸ், கேலட்வாஸ், ஆர்னோஸ், டூஜாக்ஸ், பிரென்னன்ஸ், கமாண்டர்ஸ் பேலஸ் என்று நீண்டுகொண்டே போகிறது. எல்லாமே பழசு, எல்லாமே புகழ் பெற்றது. போய்ச் சாப்பிட்டவர்கள் சொல்லுங்கள்: எது, ஏன்? நான் எல்லாம் சாப்பிடுவேன். மனைவி மீன், இறால், கோழி சாப்பிடுவார். மாடும் பன்றியும் ஆகாது.

மிசிசிப்பிக்கரை

நான் மெட்டரியில் குடியிருக்கிறேன், நகரத்தை ஒட்டினாற்போல. வெளியூரிலிருந்து யார் வந்தாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். என் பதில் கேலட்வாஸ். அதிலும் கீழ்த்தளம், அதிலும் மதியம்.

பூர்பன் தெருவில் 209-ஆம் எண். பிரான்சின் தென்மேற்கில் பார்டி என்ற சிற்றூரிலிருந்து வந்த ஷான் கேலட்வா 1905-இல் தொடங்கியது. வாசலுக்கு வெளியே தெரு முழுக்க மதுக்கடைச் சத்தமும் பிளாஸ்டிக் கோப்பைகளுமாக இருக்கும். கதவைத் தாண்டியதும் நீண்ட ஒரே கூடம்: இரண்டு பக்கச் சுவரிலும் கண்ணாடிகள், கோட்டு மாட்டப் பித்தளைக் கொக்கிகள், தரையில் சின்னச் சின்ன ஓடுகள், மேலே மின்விசிறிகள். மங்கலான விளக்கு கிடையாது, நல்ல வெளிச்சம். எல்லோரும் எல்லோரையும் பார்க்கலாம், பார்க்கத்தான் வருகிறார்கள். அமைதியாகப் பேச நினைத்தால் இது தப்பான இடம். மேசைக்கு மேசை எழுந்து போய்க் கைகுலுக்கிப் பேசிவிட்டு வருவார்கள்.

கீழ்த்தளத்துக்கு முன்பதிவு கிடையாது என்பது நெடுநாள் வழக்கம். மேல்தளத்துக்கு உண்டு, ஆனால் அங்கே உட்கார்ந்தால் இந்தக் கூடத்தின் கலகலப்பு கிடைக்காது. வெள்ளிக்கிழமை மதியம் என்றால் வாசலில் காலையிலேயே வரிசை. பணம் கொடுத்து ஆள் நிற்க வைக்கிறவர்களும் உண்டு. அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர்கள் பலர் இருட்டும் வரை எழுந்திருக்க மாட்டார்கள். மார்டி கிரா என்ற ஊர்த் திருவிழாவுக்கு முந்தைய வெள்ளிக்கும் கிறிஸ்துமசுக்கு முந்தைய வெள்ளிக்கும் மேசைகளை ஏலம் விட்டு, அந்தப் பணத்தை நற்பணிகளுக்குக் கொடுக்கிறார்கள். நீங்கள் செவ்வாய், புதன், வியாழன் மதியம் போங்கள். திங்கள் விடுமுறை.

முக்கியமான விஷயம் இது. உட்கார்ந்ததும் மெனுவைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படிக்காதீர்கள். வெயிட்டரிடம் "இன்றைக்கு என்ன மீன் வந்திருக்கிறது? எது நன்றாக இருக்கிறது?" என்று கேளுங்கள். இந்த மாதிரி இடங்களில் அவர்தான் எல்லாம். உள்ளூர்க் குடும்பங்களுக்கு அப்பா காலத்திலிருந்து இன்ன வெயிட்டர் என்று இருக்கும். போகும்போது அவர் பெயரைச் சொல்லித்தான் மேசை கேட்பார்கள். இவர்களுக்குச் சாஸ் குறைவாக, அவர்களுக்கு நண்டு தூக்கலாக என்று அவருக்குத் தெரியும். நீங்கள் முதல் தடவை போகிறவர், பரவாயில்லை. பசி எவ்வளவு, மாடும் பன்றியும் ஆகாது, எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், இந்த மூன்றையும் சொல்லிவிட்டு மற்றதை அவர் கையில் விட்டுவிடுங்கள். அங்கே நான் பார்த்த நல்ல சாப்பாடெல்லாம் அப்படி அமைந்ததுதான்.

இரவுக்கும் ஞாயிறு முழுவதற்கும் ஆண்களுக்குக் கோட்டு கட்டாயம். மதியத்துக்கு அவ்வளவு கெடுபிடி இல்லை, ஆனால் அரைக்கால் சட்டையோடு போகாதீர்கள்.

பழையசோறு

எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

//இந்த மாதிரி இடங்களில் அவர்தான் எல்லாம்//

வெயிட்டர் நன்றாகப் பேசுகிறார் என்பதற்காக யாரும் அவ்வளவு பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஊரின் பழைய பகுதியான பிரெஞ்சு குவார்ட்டரின் பழைய உணவகம் ஒன்றுக்குக் குடும்பத்தோடு போனேன், பெயர் வேண்டாம். மீன் வெந்து உலர்ந்திருந்தது. அதன் மேல் வெண்ணெய்ச் சாஸ், அதன் மேல் நண்டு, அதன் மேல் இன்னொரு சாஸ். மீன் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. வரலாறு சாப்பிடும் பொருள் இல்லை. இந்த ஊரில் இளம் சமையல்காரர்கள் அருமையாகச் சமைக்கிறார்கள். ஒரே வேளைதான் என்றால் அதைப் பழைய பெயருக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

வெந்தயம்

பழையசோறு சொல்வது நடக்கக்கூடியதுதான். அலுப்புத் தட்டிய சமையலறை எந்த ஊரிலும் உண்டு. ஆனால் சாஸ் அதிகம் என்பதைக் குறையாகச் சொன்னால் க்ரியோல் சமையலே குறையாகிவிடும். இது சாஸை நம்பி நிற்கிற சமையல்.

இது நகரத்துச் சமையல். பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கி, 1760-களிலிருந்து ஸ்பெயின் ஆட்சி, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் கைமணம், சாக்டா பூர்வகுடிகளின் சசாஃப்ராஸ் இலைப்பொடி, 1809-ஐ ஒட்டி ஹெய்ட்டியிலிருந்து கியூபா வழியாக வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கானோர், பிறகு சிசிலிக்காரர்கள் எல்லோரும் ஒரே துறைமுகத்தில் கலந்தார்கள். வெண்ணெய், பால்கட்டிக்கும் பாலேட்டுக்கும் பஞ்சமில்லாத அடுப்படி. தக்காளியும் சேரும். மேற்கே சதுப்பு நிலத்துக் கிராமங்களின் கேஜன் சமையல் வேறு. ஒற்றைப் பாத்திரம், கறுக்க வறுத்த மாவு, புகைபோட்ட இறைச்சி. இரண்டையும் குழப்பிக்கொண்டு போனால் "காரமே இல்லையே" என்று ஏமாற்றமாக இருக்கும். பழைய க்ரியோல் உணவகத்தில் காரம் பின்னால்தான் நிற்கும்.

எதைச் சாப்பிட்டால் இது புரியும் என்று கேட்டால் நான் மூன்று சொல்வேன்.

முதலில் இறால் ரெமுலாட். பாரிஸில் இது வெளிர்நிற மயோனைஸ் வகை. நியூ ஆர்லியன்ஸில் பல இடங்களில் இது செம்பழுப்பு. கரகரப்பான க்ரியோல் கடுகு, குதிரைமுள்ளங்கி, செலரி, வெங்காயத்தாள், மிளகாய்ப்பொடி. குளிர்ந்த இறாலை அதில் புரட்டிக் கீரை மேல் வைப்பார்கள். மூக்கில் ஏறும். கடுகின் சுரீர் நமக்கு உடனே பிடித்துவிடும்.

அடுத்து கம்போ என்ற கெட்டிக் குழம்பு. வெங்காயம், செலரி, பச்சைக் குடைமிளகாய் மூன்றும் அடித்தளம். மாவைக் கொழுப்பில் நிறம் மாறும்வரை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். கறுப்புப் புள்ளி விழுந்தால் மொத்தத்தையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான், கசப்பு போகாது. கெட்டிப்படுத்த வெண்டைக்காய் அல்லது அந்த இலைப்பொடி. கொஞ்சம் சோற்றோடு வரும். கடலுணவு கம்போ என்று எழுதியிருந்தாலும் பன்றி சேர்ந்திருக்க வாய்ப்புண்டு, உங்கள் மனைவிக்காகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆமை சூப்பிலும் கன்றிறைச்சியோ மாட்டிறைச்சியோ சேர்ப்பது வழக்கம்.

மூன்றாவது சூஃப்லே உருளைக்கிழங்கு. மெல்லிய சீவலை மிதமான எண்ணெயில் ஒருமுறை, நல்ல சூட்டில் மறுமுறை போட்டுப் பொரிப்பார்கள். இரண்டாவது முறை உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி, பூரி உப்புவதுபோல உப்பிவிடும். உள்ளே வெறும் காற்று. வெண்ணெயும் முட்டையும் சேர்ந்த பேர்நேஸ் சாஸில் தொட்டுச் சாப்பிட வேண்டும். ஒரு தட்டு நொடியில் காலியாகும்.

கடலோடி

அன்ட்வான்ஸை விட்டுவிட்டு இந்தப் பேச்சை எப்படி முடிப்பது? 1840-இல் அன்ட்வான் அல்சியட்டோர் தொடங்கியது, இன்றும் அந்தக் குடும்பத்தின் கையில். செயின்ட் லூயி தெரு. வெளியிலிருந்து பார்த்தால் அளவு தெரியாது. உள்ளே அறைக்குள் அறையாகப் பத்துக்கும் மேற்பட்ட கூடங்கள். ரெக்ஸ், புரோட்டியஸ் என்று மார்டி கிரா சங்கங்களின் பெயரில் அறைகள், சுவர் முழுக்கக் கிரீடம், செங்கோல், பழைய படங்கள். மதுவிலக்குக் காலத்தில் பெண்கள் கழிப்பறை வழியாகப் போகும் ரகசிய அறை ஒன்று இருந்ததாகவும், அங்கிருந்து காப்பிக் கோப்பையில் மது வெளியே வந்ததாகவும் சொல்வார்கள். மது நிலவறை 165 அடி நீளம், ஏழடி அகலம். 2005-இல் கத்ரீனா புயலுக்குப் பின் மின்சாரம் இல்லாமல் குளிர்ச்சி போய், அங்கிருந்த மதுவெல்லாம் கெட்டுப்போனது.

ஆய்ஸ்டர்ஸ் ராக்ஃபெல்லர் பிறந்த இடமும் இதுதான். 1899-இல் மகன் ஷூல் அல்சியட்டோர் செய்தது. பிரான்சிலிருந்து நத்தை சரியாகக் கிடைக்காத நேரம்; உள்ளூர்ச் சிப்பி கொட்டிக் கிடந்தது. அதன் மேல் பச்சை மூலிகைச் சாஸ் போட்டு, கல்லுப்புப் படுக்கையில் வைத்துச் சுட்டார். சாஸ் அவ்வளவு செழுமை என்பதால் பணக்காரர் ராக்ஃபெல்லர் பெயர். குறிப்பு இன்றுவரை ரகசியம். உலகமெல்லாம் பசலைக்கீரை போட்டுச் செய்கிறார்கள், அன்ட்வான்ஸ்காரர்களோ எங்களுடையதில் பசலையே கிடையாது என்கிறார்கள். சிப்பியைத் தயங்குகிறவர்களுக்கும் இது ஏற்றது, பச்சையாக இருக்காது. பொம்பானோ மீனைக் காகிதப் பைக்குள் சுடும் முறையும் அங்கே பேர்போனது. பலூனில் பறந்த பிரேசில்காரர் சான்டோஸ் டுமோனுக்கு மரியாதையாகச் செய்ததாகச் சொல்வார்கள். சூட்டில் பை உப்பும்.

மிசிசிப்பிக்கரை அண்ணன் சொன்ன கூடத்தின் உற்சாகம் உண்மைதான், ஆனால் நிதானமாகப் பேசிச் சாப்பிட வேண்டும் என்று கேட்பவருக்கு அன்ட்வான்ஸோ ஆர்னோஸோதான் பொருந்தும். ஆர்னோஸ் 1918. மாடியில் நிறுவனரின் மகள் ஜெர்மெய்ன் வெல்ஸ் மார்டி கிரா அரசியாக அணிந்த உடைகளின் சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் ஏறிப் பாருங்கள்.

நெல்லிமரம்

இதுவரை வந்த பெயர்களில் கமாண்டர்ஸ் பேலஸைத் தவிர எல்லாமே பிரெஞ்சு குவார்ட்டர்தான். பழைய க்ரியோல் உணவகம் என்று பேசிக்கொண்டு டூக்கி சேஸ் பெயர் வராமல் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

1964-இல் இனப்பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைகள் சட்டம் வரும்வரை இந்தக் கண்ணாடிக் கூடங்களில் கறுப்பர்கள் உட்கார்ந்து சாப்பிட முடியாது. கம்போ கிளறியதும் மாவு வறுத்ததும் பெரும்பாலும் அவர்கள் கைதான். லியா சேஸ் 1923-இல் பிறந்தவர். இளம் வயதில் பிரெஞ்சு குவார்ட்டரில் பரிமாறும் வேலை பார்த்தார். 1946-இல் கல்யாணமாகி வந்த வீட்டில், ஆர்லியன்ஸ் அவென்யூவில், 1941-இலிருந்து சாண்ட்விச்சும் லாட்டரிச் சீட்டும் விற்கும் சின்னக் கடை ஒன்று இருந்தது. வெள்ளைக்காரர்களுக்கு இருக்கிற மாதிரி மேசைவிரிப்பு போட்ட உணவகம் நம் மக்களுக்கும் வேண்டும் என்று அதை மாற்றியது அவர்தான். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்காருவது சட்டவிரோதமாக இருந்த நாளில் மாடி அறையில் இரு தரப்பும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். மார்ட்டின் லூதர் கிங்கும், இனப்பாகுபாட்டை எதிர்த்துப் பேருந்துகளில் பயணித்த விடுதலைப் பயணிகளும் அங்கே கூடித் திட்டமிட்டார்கள். சுவர் முழுக்கக் கறுப்பின ஓவியர்களின் படைப்புகள். வேறு யாரும் மாட்டாத காலத்திலேயே அவர் வாங்கி மாட்டினார்.

கத்ரீனா வெள்ளம் கடையை மூழ்கடித்தது. 2007-இல் மறுபடி திறந்தார், அப்போது அவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. 2019-இல் காலமாகும்வரை சமையலறையை விடவில்லை. ஒபாமா ருசி பார்க்காமலே கம்போவில் காரச் சாஸ் ஊற்றப் போக, அவரைக் கண்டித்தவர் இவர்தான்.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று அங்கே கம்போ ஸெர்ப் போடுவார்கள். பல வகைக் கீரை, எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்பது வழக்கம். கீரை என்றாலும் அதில் இறைச்சியும் நிறைய. ஊரே அதற்காக முன்கூட்டியே இடம் பிடிக்கும்.

கார்காலம், உங்கள் மனைவிக்கு ஷ்ரிம்ப் கிளெமன்சோ. இறால், உருளைக்கிழங்கு, காளான், பட்டாணி, பூண்டு வெண்ணெய். பன்றியும் இல்லை மாடும் இல்லை.

பழையசோறு

நெல்லிமரம் அக்கா, இதைப் படித்த பிறகு என் கேள்வி வேறாகிறது. நான் குறை சொன்னது மீனை. நீங்கள் கேட்பது யாருடைய பழமையைக் காப்பாற்றுகிறோம் என்பதை. மாறாத மெனு என்று பெருமைப்படும்போது அந்த மெனுவைச் சமைத்தவர்களின் பெயர் எங்கே என்று கேட்கத்தான் வேண்டும். ஆனாலும் ருசியில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. டூக்கி சேஸாக இருந்தாலும் கேலட்வாஸாக இருந்தாலும் தட்டில் வந்தது நன்றாக இருக்க வேண்டும்.

மிசிசிப்பிக்கரை

நெல்லிமரம் சொன்னதை ஒரு வரி விடாமல் ஏற்கிறேன். டூக்கி சேஸுக்கு நாங்கள் குடும்பத்தோடு போவதுண்டு. ஒரே வேளை என்று கேட்டதால் ஒன்றைச் சொன்னேன்.

பழையசோறு, உலர்ந்த மீனுக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். இங்கே நல்ல மீனுக்கு அடையாளம் சொல்கிறேன். ட்ரவுட் மூனியேர் கேளுங்கள். சில இடத்தில் வெண்ணெயைப் பழுப்பாகும்வரை உருக்கி எலுமிச்சை பிழிவார்கள். சில இடத்தில் இறைச்சிச் சாறு சேர்த்து அடர்ந்த பழுப்புச் சாஸாகச் செய்வார்கள். முதல் வகையில் மீன் பழசாக இருந்தால் ஒளிக்க முடியாது. அதைத் தைரியமாகப் பரிமாறும் இடத்தை நம்பலாம். மேலே நண்டு வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கார்காலம் வீட்டு அம்மாவுக்கும் இந்த முதல் வகைதான் சரி, இறைச்சிச் சாறு இருக்கிறதா என்று கேட்டுவிட்டால் போதும்.

கமாண்டர்ஸ் பேலஸ் பற்றி யாரும் பேசவில்லையே. அது கார்டன் டிஸ்ட்ரிக்டில், கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே, நீலப்பச்சை வண்ணக் கட்டடம். எல்லா (Ella) பிரென்னன் என்ற பெண்மணியும் அவர் உடன்பிறந்தோரும் 1974-இல் எடுத்து நடத்தத் தொடங்கியபின் பழசும் புதுசும் ஒரே சமையலறையில் சேர்ந்தன. பால் புருடோமும் எமரில் லகாசேயும் அங்கே தலைமைச் சமையல்காரர்களாக இருந்து வெளியே வந்தவர்கள். புதுமை கேட்கும் பழையசோறுக்கு அதுதான் ஏற்ற இடம். வார நாள் மதியத்தில் 25 சென்ட் மார்ட்டினி, ஆளுக்கு மூன்றுக்கு மேல் இல்லை. பிரெட் புட்டிங் சூஃப்லேயைச் சாப்பாடு சொல்லும்போதே சொல்லிவிடுங்கள், செய்ய நேரமாகும்.

கார்காலம்

எல்லோருக்கும் நன்றி. போய் வந்துவிட்டோம். கூட்டம் ஒன்று ரத்தானதால் இரண்டு வேளை கிடைத்தது: புதன் மதியம் கேலட்வாஸ், வெள்ளி மதியம் டூக்கி சேஸ்.

கேலட்வாஸில் சொன்னபடியே வெயிட்டர் கையில் விட்டோம். எங்கள் வயதைவிட அவருடைய அனுபவம் அதிகம் இருக்கும்போல. மனைவிக்கு எது ஆகாது என்று கேட்டதும் எழுதிக்கொள்ளவில்லை, தலையசைத்தார், கடைசிவரை மறக்கவில்லை. சூஃப்லே உருளைக்கிழங்கு, இறால் ரெமுலாட்டும் நண்டும் சேர்ந்து வரும் கூட்டே என்ற தட்டு, பிறகு மூனியேர். நான் பொம்பானோ கேட்டேன். "இன்றைக்கு வேண்டாம், ட்ரவுட் நன்றாக இருக்கிறது" என்றார். விலை குறைந்ததைக் காட்டி விலை கூடினதைத் தடுக்கிற வெயிட்டரை நான் அதுவரை பார்த்ததில்லை. பழையசோறு, மீன் உலரவில்லை. கரண்டி பட்டதும் பிரிந்தது, சாஸ் அதன் அடியில் இருந்தது.

கடைசியில் கஃபே ப்ருலோ. பிராந்தியில் பட்டை, கிராம்பு, எலுமிச்சைத் தோல் போட்டுத் தீ வைத்தார். சுருளாகச் சீவிய ஆரஞ்சுத் தோலில் கிராம்பு குத்தியிருந்தது. அதைத் தூக்கிப் பிடித்து எரியும் பிராந்தியை மேலிருந்து கீழே வழிய விட்டார். நீலத் தீ சுற்றிச் சுற்றி இறங்குகிறது. அப்புறம்தான் காப்பி. பக்கத்து மேசைக்காரர்கள் கைதட்டினார்கள், முன்பின் தெரியாதவர்கள். மனைவி இன்னும் அதைத்தான் பேசுகிறார்.

டூக்கி சேஸ் வேறொரு மனநிலை. குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள், நிறையப் பேர் வேலையிடத்திலிருந்து நேரே வந்தவர்கள். கம்போ எனக்கு மட்டும். அந்தக் குழம்பின் ஆழம் கேலட்வாஸில் சாப்பிட்ட எதிலும் இல்லை, இதை அடித்துச் சொல்வேன். மனைவியின் கிளெமன்சோவில் பாதியை நான் சாப்பிட்டேன். கிளம்பும் முன் ஓவியங்களைப் பார்க்க அறை அறையாக அழைத்துப் போனார்கள்; நாங்கள் கேட்கவே இல்லை.

இரண்டில் எது என்று கேட்டால், சாப்பாட்டுக்கு டூக்கி சேஸ். ஒரு மதியம் முழுக்க ஊரோடு உட்கார்ந்திருக்க கேலட்வாஸ்.

வெந்தயம்

கம்போ பற்றி நீங்கள் சொன்னதற்குக் காரணம் உண்டு. கேலட்வாஸின் பலம் சட்டென்று செய்து முடிப்பது: வறுத்த மீன், அந்த நிமிடம் சேர்த்த சாஸ். டூக்கி சேஸின் பலம் நேரமெடுத்துக் கொதிப்பது. நண்டு, இறால், கோழி, இரண்டு மூன்று வகைத் தொத்திறைச்சி எல்லாம் ஒரே குழம்பில் இறங்க மணிக்கணக்கு வேண்டும். பொறுமையாகக் கிளறிய கையின் ருசி அது.

முந்திரிக்காடு

புதிதாக இந்த இழைக்கு வருகிறேன். ஆகஸ்டில்தான் எங்களுக்கு விடுமுறை. வெயில் கொடுமை, புயல் காலம், வேண்டாம் என்கிறார்கள். செலவும் யோசனையாக இருக்கிறது. அம்மா சுத்த சைவம். போகலாமா?

மிசிசிப்பிக்கரை

செலவைப் பார்த்தால் ஆகஸ்டுதான் நல்லது. கூட்டம் குறைவு என்பதால் அந்த மாதம் கூலினரி என்ற பெயரில் பல உணவகங்கள், பெரிய பழைய பெயர்கள் உட்பட, மூன்று வகை கொண்ட முழுச் சாப்பாட்டைக் குறிப்பிட்ட விலைக்குத் தருகின்றன. டிசம்பரில் ரெவேயோன் விருந்தும் அதே மாதிரி. பழைய க்ரியோல் குடும்பங்கள் நள்ளிரவுப் பூசைக்குப் பின் வீட்டில் சாப்பிட்ட விருந்தை இப்போது உணவகங்கள் போடுகின்றன. எதுவானாலும் பில்லுக்கு மேல் டிப்ஸ் 20 சதவீதம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் காசு திரும்பக் கிடைக்கும்படி விமானச் சீட்டு எடுங்கள்.

அம்மாவுக்குத்தான் சிரமம். இங்கே காய்கறிக்கும் பன்றி வாசனை ஏற்றுவார்கள், சூப்புக்கு எலும்புச் சாறு. முன்பதிவின்போதே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்; கமாண்டர்ஸ் பேலஸ் போன்ற இடத்தில் முந்தைய நாளே தெரிந்தால் தனியாகச் செய்து தருவார்கள். சூஃப்லே உருளைக்கிழங்கு கேட்டால் எந்த எண்ணெய், அதே எண்ணெயில் மீன் பொரிக்கிறார்களா என்று விசாரியுங்கள். பேர்நேஸில் முட்டை இருக்கும்.

நெல்லிமரம்

உணவகத்தில் உட்காரும் முன் அம்மாவுக்கு வயிறு நிறைய ஏதாவது கொடுத்துவிட்டால் அவரும் நிம்மதியாக இருப்பார். காலையில் சிக்கரி காப்பியும் சர்க்கரை தூவிய பெனியே என்ற பொரித்த பலகாரமும் வாங்கிக் கொடுங்கள். பெனியே மாவில் முட்டை சேர்க்கிறார்களா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள், கடைக்குக் கடை மாறும். காப்பி அவருக்குக் கட்டாயம் பிடிக்கும்.